எத்தச் சொன்னார், எத்திவிட்டேன்

சனத்நகர், ஹைதராபாத்
ஆகஸ்ட் 2004

மதிப்பிற்குரிய சம்பந்தம் மாமா அவர்களுக்கு, நீலா அநேக வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, குழந்தை வேணு அனைவரும் சௌக்கியம், என் வலது கால் கட்டைவிரல் நீங்கலாக. சிதம்பரத்தில் நீங்களும் அத்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகியும் பதில் எழுதாததற்கு அந்த விரல்தான் காரணம். கடிதத்துக்கும் கால் விரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மாப்பிள்ளை அடுத்த மாதம் அமெரிக்கா போகிறார், திரும்ப எட்டு மாதம் ஆகும். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட்டுக்குப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள், லிஃப்ட்டைத்தான் காணோம். வேணு ப்ளேஸ்கூல் வேனிலேயே தூங்கிவிடுவான், எழுப்பினால் தெருவே கூடும்படி அழுவான், தூக்கிக்கொண்டு ஏறினாலோ இரண்டாம் மாடியில் எனக்குக் கண் இருட்டும். "பிள்ளையைத் தூக்கிட்டு எங்கயும் நிக்காம வீடு வரைக்கும் ஏறிக் காட்டு, இங்கயே இரு. முடியலன்னா மாமா சொல்ற மாதிரி ஊருக்குப் போயிடு" என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். எம்.எஸ்ஸி. படித்துவிட்டு இத்தனை நாள் சும்மா இருந்தவளுக்கு இப்போதுதான் இங்கே ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு வர மனசே இல்லை மாமா. அதனால்தான் ஜிம்மில் சேர்ந்தேன்.

சேர்ந்தால் பலம் வரும் என்றார்கள், வந்ததெல்லாம் அதிர்ச்சி. ஒரு மாதம் கழித்து எடை பார்த்தால் இரண்டு கிலோ கூடியிருக்கிறது! நான் பதறிப்போய் மெஷினை விட்டு இறங்கி மறுபடி ஏறுகிறேன், கோச் சாய்கிருஷ்ணா, "சூப்பர் மேடம், மசில்!" என்று கை குலுக்குகிறார். மேல்கையைச் சுற்றி டேப் வைத்து அளந்து இன்னொரு தரம் குலுக்கினார். வீட்டுக்கு வந்தால் கல்யாண ரவிக்கை முழங்கையோடு நின்றுவிட்டது. மாப்பிள்ளை ஆபீஸ் பழக்கத்தில் என் முன்னேற்றத்தைக் கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டுவார். ஜிம்மில் தூக்குகிற எடை வாராவாரம் மேலே போகிறது, மாடி மட்டும் இரண்டிலேயே நிற்கிறது. ஏன் ஏன் என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் வேணுவைப் பிடித்து மெஷினில் நிறுத்தினேன். நான் ஒரு பங்கு பலமானால் இவன் பருப்பும் நெய்யுமாக இரண்டு பங்கு கனத்துக்கொண்டு வருகிறான்! பெற்ற பிள்ளையே இப்படிச் செய்தால் நான் யாரிடம் போய்ச் சொல்ல?

இதெல்லாம்கூடப் போகட்டும், அந்தச் சனிக்கிழமையை நினைத்தால்தான் இன்னும் உடம்பு நடுங்குகிறது. யார் யாருக்கு எவ்வளவு பலம் கூடியிருக்கிறது என்று சோதிக்கிற நாள். என் காலடியில் இரும்புக் கம்பி, அதன் இரண்டு முனையிலும் சக்கரம் சக்கரமாக எடை. எதிரே கோச் குந்தி உட்கார்ந்து, நான் முதுகை வளைக்காமல் குனிகிறேனா என்று பார்க்கிறார். மற்ற நாளெல்லாம் "அப், டவுன்" என்று இங்கிலீஷில் சொல்கிறவர், அன்றைக்கு உற்சாகம் தாங்காமல் தெலுங்குக்குப் போய்விட்டார். "எத்தண்டி மேடம்! கட்டிகா எத்தண்டி!" என்று கத்துகிறார். எனக்குத் திக்கென்றது. இரும்பைப் போய் எதற்கு எத்தச் சொல்கிறார்? ஆனால் சுற்றி நிற்கிற பெண்களும் "எத்து, எத்து" என்று கைதட்டுகிறார்கள், பரீட்சையில் கேள்வியை எதிர்த்துக் கேட்டு எனக்குப் பழக்கமும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு காலை ஓங்கி விட்டேன் ஒரு எத்து. கம்பி உருண்டு அவர் பாதத்தில் ஏற, அவர் துள்ளிப் பின்னால் சாய, எடை மெஷின் மேலேயே போய் விழ, அதன் முள் ஒரு சுற்றுச் சுற்றி அப்படியே நின்றுவிட்டது. "எத்தமண்டே தன்னுதாரேமிடண்டி?" என்று அவர் தரையிலிருந்து பரிதாபமாகக் கேட்கிறார், நான் விரலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதிக்கிறேன்.

என்னோடு ஜிம்முக்கு வருகிற பக்கத்து ஃப்ளாட் வித்யாலட்சுமி அக்கா ஓடி வந்தார். அவர் தாத்தா காலத்திலிருந்தே செகந்திராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். பேச்சில் இந்த ஊர் உருதுவும் கலந்து வரும், நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் ஏன், ஹவ் என்றால் ஆமாம். "அய்யோ, நக்கோ நக்கோ! கைக்கும்மா ஒதச்சே? எத்துன்னா தூக்குன்னு அர்த்தம்! தூக்கச் சொன்னா ஒதைக்கிறீங்களேன்னு கேக்கறான்!"

"நம்ம ஊர்ல எத்துன்னா ஒதைதானேக்கா?"

"ஹவ், நம்ம ஊர்ல. அவன் எந்த ஊரு? பாவம், கல்யாணம் ஆகாத பையன், அவன் காலை உடைச்சிட்டியே!"

கால் உடையவில்லை, மாமா, வீக்கம்தான். ஆனால் அன்றோடு நான் ஜிம் பக்கமே போகவில்லை. எனக்கு என்ன மார்க் என்று மாப்பிள்ளை போய்க் கேட்டதற்கு, உதைப்பதற்கு மார்க் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விரல் வீங்கியிருந்த நாளெல்லாம் வேணுவை அக்காதான் கீழேயிருந்து தூக்கி வந்தார், அவர் தயவில் எத்தனை நாள் ஓட்டுவது? நான் தோற்றுவிட்டேன். வேலைக்கு வரவில்லை என்று ஸ்கூலுக்கு எழுதிவிடுகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் புறப்பட்டு வந்து எங்கள் இருவரையும் அழைத்துப்போங்கள். அத்தைக்கு என் வணக்கத்தையும், வீட்டில் சின்னவர்களுக்கு என் அன்பையும் சொல்லவும். உங்கள் ஆசியை என்றும் வேண்டும்,

நீலா

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் வேன் ஹாரன் கேட்டது. அக்கா வீட்டில் இல்லை. நானே இறங்கிப் போய், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊருக்கு எந்தப் பாத்திரத்தை எடுப்பது, எதை விடுவது என்று யோசித்தபடியே ஏறினேன். சாவி பூட்டில் நுழையவில்லை. குடைந்து குடைந்து பார்க்கிறேன், கதவு உள்ளேயிருந்து திறக்கிறது, பனியனும் லுங்கியுமாக ஒரு பெரியவர்! எனக்கு உயிரே போய்விட்டது. "என் வீட்டுக்குள்ள என்ன பண்றீங்க?" என்று அலறிவிட்டேன். மேல்மாடி பக்தவத்சலம்காரு. நிதானமாக, "இதி ஐதோ ஃப்ளோரம்மா" என்றார். ஐந்தாவது மாடி, மாமா! வேணு தோளிலேயே தூங்குகிறான். நான் எங்கேயும் நிற்கவில்லை, இரைக்கவும் இல்லை, இரைத்திருந்தால் அப்படி அலற முடியுமா? ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடுங்கள், நான் திங்கட்கிழமை ஸ்கூலில் சேருகிறேன். நீங்களும் அத்தையும் சும்மா பார்க்க வாருங்கள். ஊறுகாய் ஜாடி கனம் என்று அத்தை யோசிக்க வேண்டாம். எல்லாவற்றையும் கீழேயே வைத்துவிட்டு ஏறி வரட்டும், நான் தூக்கிக்கொள்கிறேன்.