இரு காதும் தெரிய வேண்டும்

திருமணப் பதிவு அலுவலகத்தின் நான்காம் ஜன்னலில் நான் எழுத்தராக இருந்த ஆறு வருடத்தில், தப்பான விண்ணப்பம் ஒன்றுகூட என் இஷ்டத்தில் உள்ளே போனதில்லை. சரியான விண்ணப்பமும் போனதில்லை. அதற்கு நான் என்ன செய்வது? அப்படி ஒன்று வந்தால்தானே.

என் மேஜை டிராயரில் இரண்டு முத்திரைகள் உண்டு. ஒன்று சதுரம்: ‘குறைகளுடன், கருணை அடிப்படையில் ஏற்கப்பட்டது.’ பதினைந்து தடவை அலைந்தவர்களுக்கு மேலாளர் மனமிரங்கி அதைப் போடச் சொல்வார். ஊரில் நடக்கும் கல்யாணமெல்லாம் அந்தச் சதுரத்தில்தான் ஓடுகிறது. இன்னொன்று வட்டம்: ‘குறையின்றி ஏற்கப்பட்டது.’ அதை ஒரு விண்ணப்பத்தில்கூட நான் குத்தியதில்லை. திங்கட்கிழமைதோறும் துணியை விலக்கி, துடைத்து, வெறும் தாளில் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றி வைப்பேன். வேறு சிலர் வீட்டில் பூனை வளர்க்கிறார்கள்.

காது பற்றிய சுற்றறிக்கையை எழுதியதும் நான்தான். ‘இந்த ஜன்னலுக்கு வரும் எந்தப் புகைப்படத்திலும் மணமக்கள் இருவருடைய இரு காதுகளும் முழுமையாகத் தெரிய வேண்டும்.’ கண்ணும் மூக்கும் ஆளுக்கு ஆள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும், காது ஒன்றுதான் ஏமாற்றாது என்று காரணமும் காட்டியிருந்தேன். மேலாளர் படித்துவிட்டுத் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கே கையெழுத்தாகிவிட்டது. அதிலிருந்து வரிசையில் நிற்பவர்களுக்கு நான் ‘காதக்கா’. பதவி உயர்வு வராத இடத்தில் பட்டப்பெயராவது வந்ததே என்று நானும் விட்டுவிட்டேன்.

என் கல்யாணம் நிச்சயமானதும் இதே ஜன்னலில்தான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் வெளியிலிருந்து பேசிப் பேசிப் பொறுமை ஊறிப்போனவர். முதலில் வந்தபோது கூட ஒரு பெண் இருந்தாள். லைப்ரரியில் வேலை பார்ப்பவள். இரண்டு பேருக்கும் கல்யாணப் பதிவு. முதல் தடவை அவளுடைய இடது காதைக் காணோம். இரண்டாம் தடவை இவருடைய வலது காதில் நிழல். மூன்றாம் தடவை நாலு காதும் சுத்தம், ஆனால் சாட்சியின் கையெழுத்து கட்டத்துக்கு வெளியே வந்துவிட்டது. வேறு சாட்சி பிடித்து வருவதற்குள் ஃபோட்டோ பழசாகிவிட்டது. புது ஃபோட்டோவில் மறுபடி காது இல்லை. ஏழாம் தடவை அந்தப் பெண், “இனிமே நீங்களே பாத்துக்குங்க, எனக்கு வேலை இருக்கு” என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் வரவில்லை.

எட்டாம் தடவை அவர் தனியாக வந்தார். கையில் எனக்கு ஒரு டீ. அதை லஞ்சம் என்று சொல்ல முடியாது, சர்க்கரை போடவில்லை. பதினோராம் தடவை, “இது பாஸாகுமா?” என்றார்.

“ஆகாது.”

“உங்களையே கல்யாணம் பண்ணிக்கிட்டா?”

“அதுக்குப் புது விண்ணப்பம் போடணும்” என்றேன்.

அதுதான் எங்கள் நிச்சயதார்த்தம். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. குறை சொன்னால் கோபப்படாத ஒரு மனிதரை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “ஆபீஸ்லேர்ந்து ஒரு பேனாகூட எடுத்துட்டு வராதவ, மாப்பிள்ளையையே எடுத்துட்டு வந்திருக்கியேடி” என்றாள்.

கல்யாணப் பெண் என்றால் யோசிக்க எவ்வளவு இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. பஸ்ஸில் யோசித்தேன், பல் தேய்க்கும்போது யோசித்தேன், குறைக்குறிப்பு எழுதும்போதுகூட யோசித்தேன். பத்திரிகை அடிப்பவர் இந்த வருடத்து நிறம் ‘மழைக்கு முந்தின சாம்பல்’ என்றார்.

“சாம்பல்தானே?”

“சாம்பல் போன வருஷம் மேடம். இது மழைக்கு முந்தினது.”

இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எனக்கு ஒரே சாம்பலாகத்தான் தெரிந்தது, ஆனாலும் போன வருடத்துச் சாம்பலில் கல்யாணம் செய்துகொள்ள யாருக்கு மனசு வரும்? ஃபோட்டோகிராஃபர் எங்களை இயல்பாகச் சிரிக்கச் சொல்லி மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தார். நாலாவது வாரம் சிரிப்பு இயல்பாகிவிட்டது, நாங்கள்தான் இயல்பாக இல்லை.

அழகு நிலையத்துக்காரிதான் என்னைக் கலங்கடித்தாள். இந்த வருடம் கூந்தலை இரண்டு பக்கமும் வழியவிட்டுக் காதை மூடுவதுதான் மோஸ்தராம். ஆண்களுக்கும் அதேதான்.

“காது தெரியாதா?” என்றேன்.

“காது தெரிஞ்சா போன வருஷக் கல்யாணம் மாதிரி ஆயிடும் மேடம்.”

ஆறு வருடம் காதுக்காகவே வாழ்ந்தவள் நான். வீட்டுக் கண்ணாடி முன்னால் கூந்தலை மூடிப் பார்த்தேன், திறந்து பார்த்தேன். மூடினால் அழகாகத்தான் இருந்தது. கோப்புக்குக் காது, கல்யாணத்துக்குக் கூந்தல் என்று முடிவு செய்து, இரண்டு குடும்பத்துக்கும் விருந்தாளிகளுக்கும் சேர்த்தே அவளை ஏற்பாடு செய்துவிட்டேன்.

மண்டபம் பதினாலாம் தேதிக்குக் கிடைத்தது. பதிவுச் சான்றிதழைக் காட்டினால்தான் சாவி. தவறினால் அடுத்த தேதி ஒன்றரை வருடம் கழித்து. எங்கள் விண்ணப்பத்தோடு மேலாளரிடம் போனேன்.

“உங்க ஃபைலை நீங்க தொடக் கூடாதும்மா. அது முடியற வரைக்கும் நீங்க லீவுல இருக்கணும். உங்க சீட்டுக்கு ஒரு ஆள் போடறேன். இந்த வருஷ எழுத்தர் பரீட்சையில முதல் மார்க்.”

மறுநாள் காலை நான் நான்காம் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றேன். ஆறு வருடமாக மக்கள் என் முன்னால் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்து, மரியாதை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கண்ணாடியில் இருக்கிற ஓட்டை வயிற்று உயரத்தில் இருக்கிறது. குனிந்தேன். உள்ளே என் நாற்காலியில் லைப்ரரிப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

“வாங்கக்கா” என்றாள். முகத்தில் பகை எதுவும் இல்லை. “ஏழு தடவை வந்ததுல விதியெல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு. வீணாப் போக வேண்டாமேன்னு பரீட்சை எழுதினேன்.”

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் என் ஃபோட்டோவை வெளிச்சத்தில் பிடித்தாள், நான் பிடிக்கிற மாதிரியே.

“காது தெரியலைக்கா.”

“கிளிப் போட்டு எடுத்திருக்கேனே.”

“முடி கிளிப்புக்கு மேல வழியுது பாருங்க. கருணைக்கும் வழியில்லை. பணியாளர்களுக்கு அது செல்லாதுன்னு நீங்கதான் குறிப்பு எழுதியிருக்கீங்க.”

மோஸ்தருக்காக அந்த அழகு நிலையத்துக்காரி ஏற்கெனவே முன்முடியை வெட்டிவிட்டிருந்தாள். எதை எப்படி வாரினாலும் காதில் வந்து விழுந்தது. பதினாலாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள். நேராகச் சலூனுக்குப் போய் ஒட்ட வெட்டச் சொன்னேன். வீட்டில் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, “யாருங்க வேணும்?” என்றாள். அப்புறம் அடையாளம் தெரிந்து உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். ஆனால் காது இரண்டும் பளிச்சென்று இருந்தது.

மறுநாள் லைப்ரரிப் பெண் ஃபோட்டோவைப் பார்த்தாள். “அருமையான காதுக்கா. ஆனா அவர் பேர்ல பழைய விண்ணப்பம் ஒண்ணு நிலுவையில இருக்கே. அது இருக்கும்போது இதை எடுக்க முடியாது.”

“அதை ரத்து பண்ணிடுங்க.”

“அதுல இருக்கற பொண்ணு நான்தானேக்கா. சொந்த ஃபைலை நான் தொடக் கூடாது.”

“உங்களுக்கு அவர் வேணுமா?”

“ஐயோ, வேண்டவே வேண்டாம். ஏழாவது தடவையே முடிவு பண்ணிட்டேன். அதைத் தெரிவிக்கத்தான் ஒரு படிவம் இல்லை.”

மேலாளர் தலையைச் சொறிந்து வழி கண்டுபிடித்தார். அந்தப் பழைய கோப்பு என்னுடையது அல்ல. ஆகவே ஒரே ஒரு நாள் லைப்ரரிப் பெண்ணுக்கு லீவு, எனக்கு வேலை. நான் உட்கார்ந்து அதை ரத்து செய்யலாம். ஆனால் குறையுள்ள விண்ணப்பத்தை ரத்து செய்ய முடியாது. குறை இருக்கும்வரை அது விண்ணப்பமே அல்ல, இல்லாத ஒன்றை எப்படி ரத்து செய்வது? இதையும் எழுதியவள் நான்தான். ஆகவே முதலில் குறைகளை நீக்க வேண்டும்.

அவரும் லைப்ரரிப் பெண்ணும் அன்றே போய்ப் புதிதாகப் படம் எடுத்து வந்தார்கள். முடியைப் பின்னால் இழுத்துக் கட்டி, விளக்கு வெளிச்சத்தில் நாலு காது. சாட்சிகள் கட்டத்துக்குள்ளேயே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மை சரி, தேதி சரி. நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். திரும்பவும் படித்தேன். குறை இல்லை.

ஆறு வருடத்தில் முதல் தடவை. சுவரில் என் கையெழுத்திலேயே பலகை தொங்குகிறது: ‘குறையற்ற விண்ணப்பத்தில் தாமதமின்றி முத்திரை இடப்படும்.’ டிராயரைத் திறந்தேன், துணியை விலக்கினேன், வட்ட முத்திரையை எடுத்தேன். குத்தினேன். எவ்வளவு அழகாக விழுந்தது தெரியுமா, ஓரத்தில் ஒரு எழுத்துக்கூட மங்கவில்லை.

வரிசையில் நின்ற நாற்பது பேரும் கை தட்டினார்கள். மேலாளர் அறையிலிருந்து ஓடிவந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இப்ப ரத்து பண்ணிடலாமா சார்?” என்றேன்.

“முத்திரை விழுந்துடுச்சேம்மா. இப்ப அவங்க புருஷன் பொண்டாட்டி. அது நம்ம ஜன்னல் இல்லை, கோர்ட்டு.”

கண்ணாடிக்கு வெளியே அவர் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன பண்ணிட்டீங்க?” என்று மட்டும் கேட்டார். கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

கோர்ட்டில் விசாரித்தோம். நாலே மாதத்தில் பிரித்துவிடலாம் என்றார்கள். கல்யாணம் நடந்ததற்கு ஆதாரமாக ஒரு கல்யாணப் படம் மட்டும் வேண்டும். நடக்காத கல்யாணத்தை எப்படிப் பிரிப்பது என்று நியாயமாகத்தான் கேட்டார்கள். ஆகவே பதினாலாம் தேதி, நான் பிடித்த மண்டபத்தில், நான் தேர்ந்தெடுத்த மழைக்கு முந்தின சாம்பலில், அவருக்கும் லைப்ரரிப் பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் ஒரு பெயர்தான் மாறியது. அம்மா வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றாள். “எல்லாம் பிரிக்கறதுக்குத்தான், வயிறாரச் சாப்பிட்டுப் போங்க” என்றாள். எல்லோரும் அழகாக இருந்தார்கள். தலையில் ஒரு விரற்கடை முடியோடு நான் ஓரமாக நின்று, சிரிக்கச் சொன்னபோது இயல்பாகச் சிரித்தேன். பயிற்சி வீண் போகவில்லை.

அடுத்த வாரம் லைப்ரரிப் பெண் கல்யாண லீவில் இருந்தாள். நான் என் நாற்காலியில் இருந்தேன். அவர் வந்தார், கையில் டீயும் ஒரு பெரிய படமும்.

“கோர்ட்டுக்குக் கொடுக்கற படத்துல உங்க ஜன்னல் முத்திரை வேணுமாம். இதுல ஒண்ணு குத்திட்டீங்கன்னா நாலு மாசம். அப்புறம் நீங்களும் நானும்தான்.”

படத்தை வாங்கும்போதே எனக்குக் கண் கலங்கியது. வெளிச்சத்தில் பிடித்தேன். எழுபது பேர், எல்லோரும் சிரிக்கிறார்கள். மணப்பெண்ணின் கூந்தல் இரண்டு பக்கமும் வழிந்திருந்தது. அவருக்கும் அப்படியே. மேலாளருக்கும், அம்மாவுக்கும்கூட. நூற்று நாற்பது காதில் இரண்டுதான் தெரிந்தது. இரண்டும் என்னுடையது.

“என்னாச்சு?” என்றார் குனிந்தபடி.

நான் வட்ட முத்திரையைக் கையில் எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு குத்திவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன். அப்போது அவருக்குப் பின்னாலிருந்து, பதினாலு தடவை வந்துபோன ஒருவர் எக்கிப் படத்தைப் பார்த்தார்.

“அக்கா, அதுல காது தெரியலையே” என்றார்.

“ஆமா, தெரியலை” என்றாள் அவருக்குப் பின்னால் நின்றவள். “எங்களை மட்டும் திருப்பி அனுப்பினீங்க. விதின்னா எல்லாருக்கும் விதிதானே.”

வரிசை முழுக்க அதையே சொன்னது. இத்தனை வருடம் அந்தச் சுற்றறிக்கையைத் திட்டிக்கொண்டிருந்த நாற்பது பேரும் அதை வரிக்கு வரி ஒப்பித்தார்கள். ஒரு பிழை இல்லை.

முத்திரையைத் துணியில் சுற்றி வைத்தேன். “நாளைக்கு வாங்க” என்றேன்.

அவர் டீயை ஓட்டை வழியாக உள்ளே தள்ளிவிட்டு நகர்ந்தார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.