ஐந்து நட்சத்திரக் குடும்பம்

ஒரு பக்கம் மலையும் மூன்று பக்கம் கடலும் காவல் இருக்க, கலகலபுரி என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் ஒருவர் தும்மினால் "நூறு வயசு" என்று சொல்லப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஆகவே மக்கள் தும்முவதையே நிறுத்திவிட்டார்கள். தாயம் ஆட ஆசைப்பட்டவர்கள் இரண்டு பக்கமும் தாங்களே மாறி மாறி உட்கார்ந்து ஆடி, தங்களிடமே தோற்று, கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். வேலை செய்யும் வயதில் இருந்த அநேகமாக அத்தனை பேரும், மாதம் ஒருமுறை கிளம்பும் படகில் ஏறி, அக்கரைச் சீமைக்குப் பிழைக்கப் போய்விட்டிருந்தார்கள்.

இதை மன்னர் மகிழ்மாறர் மட்டும் நம்பவில்லை. அரண்மனை மாடத்திலிருந்து பார்த்தால் தெருக்கள் அமைதியாகத் தெரிந்தன. அந்த அமைதியை அவர் தம் சாதனைப் பட்டியலில் ஏழாவதாகச் சேர்த்திருந்தார்.

மன்னரின் அறுபதாவது பிறந்தநாள் வந்தது. பேரமைச்சர் புகழ்வண்ணர் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்: "முதியோருக்கு மாதாமாதம் காசாகக் கொடுத்துக் கைகளை அழுக்காக்கும் வழக்கம் இன்றோடு ஒழிகிறது. இனி வீட்டுக்கு ஒரு பரிசு அட்டை. மதிப்பு ஐந்நூறு காசு. அரண்மனைப் படக்கூடத்தில் குடும்பப் படம் எடுத்துக்கொள்ளலாம். குடும்பம் என்பது நான்கு பேருக்குக் குறையாதது. மூன்று பேர் என்றால் அது கூட்டம்."

பளபளவென்ற அட்டைகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. அந்த வீடுகளில் ஒவ்வொருவர்தான் இருந்தார்கள்.

அப்படி அட்டை கிடைத்தவர்களில் ஒருவர் தணிகாசலம். வயது அறுபத்தெட்டு. படகுத்துறையில் முப்பத்தாறு வருடம் பெட்டி எடைபோட்டு ஓய்வுபெற்றவர். மகள் செண்பகம் அக்கரைக்குக் கிளம்பிய அன்று அவள் பெட்டியை எடைபோட்டதும் அவர்தான். இரண்டு கிலோ கூடுதலாக இருந்ததைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். அவர் வேலையில் செய்த ஒரே குற்றம் அது. மனைவி இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.

அந்தச் செண்பகம் போன வாரம் தொலைபேசியில் பேசியிருந்தாள். "அப்பா, அடுத்த மாசம் நாள் குறிச்சிருக்காங்க. தலைப்பிரசவம். அவரு கப்பல்ல இருப்பாரு. எனக்கு இங்க பக்கத்துல ஒரு ஆள் கிடையாது. நீங்க வந்து சும்மா உக்காந்திருந்தாக்கூடப் போதும்ப்பா."

படகுக்குக் கட்டணம் முந்நூறு காசு. பௌர்ணமியன்று கிளம்பும் படகை விட்டால் அடுத்தது பிரசவத்துக்குப் பிறகுதான். தணிகாசலத்திடம் காசு இல்லை. நாலு பேர் உட்கார்ந்து சிரிக்க வேண்டிய அட்டைதான் இருந்தது.

வேண்டாத பரிசு அட்டைகளைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள இணையத்தில் ஒரு சந்தை உண்டு. அதை நடத்தியவர் பேரமைச்சரின் மைத்துனர். இது தற்செயல் என்று அரசிதழில் ஒரு பக்கம் முழுக்க அச்சிட்டிருந்தார்கள்.

தணிகாசலம் அட்டையின் எண்ணைச் சந்தையில் பதிவுசெய்தார். ஒரு வாரம் 'பரிசீலனையில்' என்று காட்டியது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றது ஒரு குரல். கலகலபுரியில் பல வருடங்களாக யாரும் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. நிறையப் பேர் அந்த எண்ணை அழைத்து, போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டு முடிப்பதாகப் பேச்சு. தணிகாசலமும் ஒரு மதியம் முழுக்கத் தாம் முக்கியமானவர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கோமளா என்ற பெண் வந்தாள்.

"ஐயா, புது உத்தரவு வந்திருக்குங்க. அட்டையைப் பயன்படுத்தாம விக்க முடியாது."

"பயன்படுத்திட்டா அப்புறம் விக்க என்னம்மா இருக்கும்?"

"எனக்கும் அதுதாங்க புரியல. ஆனா உத்தரவு அப்படித்தான் இருக்கு."

உத்தரவு அப்படித்தான் இருந்தது. அட்டைகள் லட்சக்கணக்கில் விற்பனைக்கு வந்ததைப் பார்த்து மன்னர் மனம் நொந்துவிட்டார். புகழ்வண்ணர்தான் தேற்றினார்: "அனுபவித்துப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்வது நன்றிகெட்டதனம், பெருமானே. முதலில் படம் எடுத்துக்கொள்ளட்டும். சந்தையில் ஐந்து நட்சத்திரம் போட்டு, அனுபவத்தை மூன்று வரி எழுதட்டும். அதன்பிறகு காசு கொடுப்போம். பொய் எழுதினால் தண்டனை என்றும் சேர்த்துக்கொள்வோம். நாம் உண்மை விரும்பிகள்."

"நாலு நட்சத்திரம் போட்டால்?" என்று கேட்டார் மன்னர்.

"போட முடியாது, பெருமானே. பொத்தானே வைக்கவில்லை."

கோமளா அந்த உத்தரவு முழுவதையும் வாசித்துவிட்டு வழக்கம்போலக் கேட்டாள்: "வேற ஏதாவது உதவி வேணுங்களா ஐயா?"

"வேணாம்மா. நீ சாப்டியா?"

அவளுக்குக் கொடுத்திருந்த கையேட்டில் அதற்குப் பதில் இல்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

படக்கூடத்து வாசலில் வரிசை மலையடிவாரம்வரை நின்றது. எல்லோரும் ஒற்றை ஆட்கள். ஆளுக்கொரு அட்டை. முன்பின் பார்த்திராதவர்கள் நான்கு நான்கு பேராகச் சேர்ந்துகொண்டு, ஒருவர் அட்டைக்கு மற்ற மூவர் என்று முறைவைத்துக்கொண்டார்கள். தணிகாசலத்தின் முறை வந்தபோது மகளாக நிற்க ரஞ்சிதம் என்ற அம்மாள் ஒத்துக்கொண்டாள். வயது ஐம்பத்தேழு. வேடம் சரியாக வர வேண்டும் என்று இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிக்கொண்டாள். சிங்காரம் என்ற எழுபது வயதுக்காரர் மருமகன். எண்பத்து மூன்று வயது ஆவுடையப்பர்தான் பேரன்.

"நான் ஏன்யா பேரன்? மாமனாரா இருக்கக் கூடாதா?" என்று சண்டைக்கு வந்தார் ஆவுடையப்பர்.

"உங்களுக்குத்தான் பல் இல்ல," என்றார் சிங்காரம். "பொருத்தமா இருக்கும். வாயைத் திறந்து சிரிங்க."

"மாப்பிள்ளைக்கு வாய் நீளம்," என்றாள் ரஞ்சிதம். "அப்பா, எங்க புடிச்சீங்க இந்த ஆளை?"

தணிகாசலம் சிரித்தார். அந்த 'அப்பா'வைக் கேட்டுத்தான் சிரித்தார்.

படம் எடுப்பவன் பேரன் கையில் ஒரு பலூனைக் கொடுத்தான். "நெருங்கி நில்லுங்க. இன்னும் நெருங்கி. குடும்பம்னா நடுவுல காத்து போகக் கூடாது. பொண்ணு அப்பா தோள்ல கை வைக்கணும்."

ரஞ்சிதம் கை வைத்தாள். சூடான, கொஞ்சம் சொரசொரப்பான கை. படம் எடுத்து முடித்த பிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது. "அடுத்த குடும்பம்!" என்று ஆள் கத்தும்வரை நான்கு பேரும் அசையவில்லை.

அன்று சாயங்காலம் தணிகாசலம் சந்தையில் ஐந்து நட்சத்திரங்களையும் அழுத்தினார். பொய் எழுதினால் தண்டனையாயிற்றே. ஆகவே நடந்ததையே எழுதினார்: 'மகள் என் தோளில் கை வைத்தாள். மருமகன் கேலி பேசினான். ரொம்ப நாள் கழித்து இன்று வாய்விட்டுச் சிரித்தேன்.' மறுநாளே முந்நூற்றுப் பத்துக் காசு வந்து சேர்ந்தது. மீதி நூற்றுத் தொண்ணூறு, மகிழ்ச்சிக் கட்டணம்.

அவர் மட்டுமா எழுதினார்? நாடே எழுதியது. யாரும் ஒரு வரிகூடப் பொய் எழுதவில்லை. ஒருவர், 'என் மனைவி என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்' என்று எழுதியிருந்தார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

புகழ்வண்ணர் அந்த அனுபவங்களைப் பல்லக்கில் ஏற்றிச் சபைக்குக் கொண்டுவந்தார். மூன்று நாள் வாசித்தார்கள். மன்னர் மூன்று கைக்குட்டை நனைத்தார்.

"பாருங்கள் பெருமானே! மகன்கள் இருக்கிறார்கள், மகள்கள் இருக்கிறார்கள், பேரன்கள் வெளுத்த தலையோடு கொழுகொழுவென்று இருக்கிறார்கள். படம் சாட்சி. யாருமே நாட்டைவிட்டுப் போகவில்லை!"

"நான்தான் அப்போதே சொன்னேனே," என்றார் மன்னர்.

அந்த வருடம் தேர்தல் வருடம். பதினொரு லட்சம் குடிமக்கள் ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்க, ஐம்பத்தைந்து லட்சம் வாக்குகளில் மன்னர் வென்றுவிட்டதாக அன்றே அறிவித்தார்கள். வெற்றியைக் கொண்டாடும் முதல் உத்தரவில் அவர் கையெழுத்திட்டார்.

பௌர்ணமியன்று தணிகாசலம் துறைக்கு வந்தார். பெட்டியில் பழைய வேட்டி கிழித்து மடித்த துணிகள், பிரசவ லேகியம், அவருடைய இரண்டு சட்டை. தாமே எடைபோட்டுப் பார்த்திருந்தார், சரியாக இருந்தது. கரையில் முந்நூறு பேர் பெட்டியோடு நின்றிருந்தார்கள். படகு இல்லை.

துறை அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். "படகு நிறுத்தியாச்சுங்க. அக்கரையில நம்ம ஆளுங்க யாரும் இல்லைன்னு அரசாங்கம் கண்டுபிடிச்சிருக்கு. யாரைப் பாக்கப் போறீங்க?"

"என் மகளைங்க."

அதிகாரி ஒரு தடித்த ஆல்பத்தைப் புரட்டினார். "இதோ உங்க மகள். ரெட்டைச் சடை. உங்க தோள்லதான் கை வெச்சிருக்கு."

"அது வேற அம்மாங்க. என் மகளுக்குப் பிரசவம்..."

"பிரசவமா? இதோ பேரன், பலூனோட. பொறந்து பல்லே கொட்டிப் போச்சே!" அதிகாரி அடுத்த தாளை எடுத்து வாசித்தார். "'மகள் என் தோளில் கை வைத்தாள்.' நீங்க எழுதினதுதானே? பொய்ன்னா சொல்லுங்க. அதுக்குத் தனி மேசை இருக்கு." அவர் காட்டிய பக்கம் இரண்டு காவலர்கள் நின்றிருந்தார்கள்.

தணிகாசலம் அந்தத் தாளைப் பார்த்தார். அது பொய்யில்லை. கை சூடாக இருந்தது என்பதைக்கூட அவர் எழுதாமல்தான் விட்டிருந்தார்.

அப்போது அவர் சட்டைப் பையில் கைபேசி ஒலித்தது. செண்பகம். "அப்பா, ஏறிட்டீங்களா? ஏன்ப்பா பேச மாட்டேங்குறீங்க? இங்க நான் மட்டும்தான் இருக்கேன். வலி இப்பவே வர்ற மாதிரி இருக்குப்பா..."

பக்கத்தில் நின்ற ஒருவர் கைபேசியும் ஒலித்தது. அதற்கடுத்தவருடையதும். சிறிது நேரத்தில் கரையில் நின்ற முந்நூறு பேரின் கைபேசிகளும், யாருமே இல்லாத அக்கரையிலிருந்து விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தன.

அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு, பேனாவை எடுத்து, அன்றைய குறிப்பேட்டில் எழுதினார்: 'துறையில் கூட்டம் இல்லை. கடல் பக்கமிருந்து காற்று மட்டும் பலம்.'