செல்லம்மா அக்காவைத் திருத்திய கதை

அடுத்தவர் தப்பைத் திருத்துவது ஒரு வியாதி. வாத்தியார்களுக்கு அது வேலையில் சேர்ந்த பிறகு பிடிக்கும்; எனக்கு அதற்கு முன்பே பிடித்துவிட்டது. ஓட்டல் பலகையில் எழுத்துப் பிழை இருந்தால் எனக்கு இட்லி தொண்டையில் இறங்காது. (கல்யாணப் பத்திரிகையைச் சிவப்புப் பென்சிலால் திருத்திக் கொடுத்து ஒரு சித்தப்பாவை நிரந்தரமாக இழந்திருக்கிறேன்.) ஆனால் ஒரு பெண்மணியை, அவருடைய சொந்தப் பாட்டையே அவர் தப்பாகப் பாடுகிறார் என்று, கூட்டம் நிறைந்த மண்டபத்தில் மைக்கில் திருத்தியவன் காரைக்கால் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்துநாலு வயது. திருவேட்டக்குடிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை, தினமும் காரைக்காலிலிருந்து சைக்கிள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பாடகர் குழுவோடு வயலின் வாசிப்பேன். பாதர் பொறுமைசாலி.

எங்கள் தெருவில் சொல்தா மாமா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே சொல்தா என்பார்கள். அவரிடம் ஒரு கிராமபோனும் ஒரு பெட்டி இசைத்தட்டும் இருந்தன. எல்லாம் பிரெஞ்சு, ஒன்றே ஒன்றைத் தவிர.

"அட்டையில மாடு மேயுற படம் நல்லா இருந்துச்சுன்னு வாங்கிட்டேன்பா. உள்ள இங்கிலீஷ்காரன் உட்கார்ந்திருப்பான்னு யாரு கண்டா" என்று அதை என்னிடம் நீட்டினார்.

அதில் பாட்டே இல்லை, வாத்தியங்கள் மட்டும். வயலின்கள் தூங்குகிறவர்களை எழுப்பிவிடாமல் நடப்பதுபோல மெதுவாகத் தொடங்கின. பிறகு ஒரு குழலில் சின்னதாக ஒரு மெட்டு. வண்டி ஓட்டிக்கொண்டே யாரும் முணுமுணுக்கக்கூடிய மெட்டுதான். அதை ஐம்பது அறுபது பேர் ஆளுக்கு ஆள் வாங்கி, பெரிதாக்கி, கடைசியில் அறை முழுக்க வயல்வெளியாக விரித்துவிட்டார்கள். நான் பார்த்தே இராத ஒரு நாட்டின் மேடு பள்ளங்களுக்காக ஏங்கிப்போய், மாமா வீட்டு மர நாற்காலியில் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன்.

அட்டையின் பின்பக்கத்தில் விவரம் இருந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்து இசையமைப்பாளர்கள் நோட்டுப் புத்தகத்தோடு கிராமம் கிராமமாகப் போய், களத்து மேட்டிலும் சாராயக்கடையிலும் குடியானவர்கள் பாடியதை எழுதிக்கொண்டு வந்து, அதை வைத்துத்தான் இப்படிப்பட்ட இசையை எழுதினார்களாம். நான் முதல் பத்தியோடு எழுந்துவிட்டேன். நம்மிடம் இல்லாத வயலா, நம்மிடம் இல்லாத பாட்டா? காரைக்காலுக்கு அப்படி ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அப்போது குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளைச் சாலையோரம் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். எட்டுப் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வரி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். எடுத்துக் கொடுத்தவர்தான் செல்லம்மா அக்கா. நாற்பது வயது இருக்கும். நல்ல உயரம், அதைவிட உயரமான குரல்.

வாய்க்கா தண்ணி வந்தாச்சு - அடி
வரப்பு நண்டும் முழிச்சாச்சு

நான் எழுதத் தொடங்கியதும் பாட்டு நின்றது.

"என்ன தம்பி எழுதுறீங்க? கணக்கெடுப்பா?"

"இல்லக்கா. உங்க பாட்டத்தான் எழுதுறேன். இத வச்சு வயலின் எல்லாம் சேர்த்துப் பெரிய சங்கீதம் பண்ணப் போறேன்."

"நண்டு முழிச்சதுக்கா?" என்றார் செல்லம்மா. எட்டுப் பேரும் சிரித்தார்கள். ஆனாலும் எனக்காக முதலிலிருந்து பாடினார்.

நாலு நாள் போனேன். அங்கேதான் தொல்லை. நாலு நாளும் பாட்டு நாலு விதமாக இருந்தது. ஒரு நாள் நண்டு, ஒரு நாள் கொக்கு, ஒரு நாள் வரப்பில் போன கணக்குப்பிள்ளையின் குடை. மெட்டும் ஒரு நாள் இழுத்தது, ஒரு நாள் குதித்தது. எழுதி, அழித்து, எழுதி, நோட்டுத் தாள் ஓட்டையாகிவிட்டது. கடைசியில் நானே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடியில் சிவப்புப் பென்சிலால் 'இதுவே சரி' என்று எழுதிக் கோடு போட்டேன்.

ஜூலை பதினாலு பிரான்சின் தேசிய நாள், ஆகவே பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களின் கொண்டாட்ட நாள். அன்று மாலை மண்டபத்தில் கலை நிகழ்ச்சி உண்டு. சொல்தா மாமா யார் யார் காலையோ பிடித்து எனக்குப் பத்து நிமிடம் வாங்கிக் கொடுத்தார். என் ஆர்க்கெஸ்ட்ராவில் இரண்டு வயலின், மாதா கோயில் ஆர்மோனியம், கல்யாண பேண்டு செட்டிலிருந்து ஒரு கிளாரினெட். முன்னிசையில் விடியற்காலைப் பனியை எழுதியிருந்தேன். (ஜூலை மாதக் காரைக்காலில் பனி ஏது என்று கேட்காதீர்கள். இசைத்தட்டில் இருந்தது.) பனி விலகியதும் செல்லம்மாவும் இன்னும் மூன்று பேரும் பாட வேண்டும். அவர்களுக்கு ஒத்திகைக்கு நேரம் இல்லை. நடவு நேரத்தில் யார் விடுவார்கள்? "நான் கோலைத் தூக்குனா நீங்க ஆரம்பிக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லி வைத்தேன்.

செல்லம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வைகாசியில்தான் அவர் மகளைத் திருமலைராயன்பட்டினத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சம்பந்தி வீட்டார் கொஞ்சம் வசதி. கூலிக்கு நடுகிறவர் மகள் என்று அந்தப் பெண்ணை அங்கே அவ்வப்போது குத்திக் காட்டுவதாகக் கேள்வி.

"சம்பந்தியம்மாவ வரச் சொல்லியிருக்கேன் தம்பி. நான் மேடையில நிக்கிறத ஒரு தடவ பார்த்துக்கட்டும்" என்றார்.

இது எனக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் செய்தேன் என்பதுதான் விஷயம்.

அன்று மாலை நால்வரும் தலை நிறையப் பூவும் தீபாவளிச் சேலையுமாக வந்தார்கள். மூன்றாவது வரிசையில் மகள். பக்கத்தில் சம்பந்தியம்மா, மூடிய குடையை மடியில் வைத்துக்கொண்டு. கோலுக்கு நான் பள்ளிக்கூடப் பிரம்பை எடுத்துப் போயிருந்தேன். அதைத் தூக்கியதும் பனி இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. கிளாரினெட்காரர் ஊர்வலப் பழக்கத்தில் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். முன்வரிசையில் ஒரு பெரியவர் குறட்டை விட்டார். ஒருவழியாகப் பனி விலகி, பிரம்பைத் தூக்கினேன்.

செல்லம்மா பாடினார். முதல் இரண்டு வரியிலேயே மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்படி ஒரு குரல். குறட்டை நின்றது. சம்பந்தியம்மா குடையைக் கீழே வைத்தார். மகள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாத முகத்தோடு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரி நண்டு திரும்பி வர வேண்டிய இடம். வரவில்லை. செல்லம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வேறு ஏதோ எடுத்தார். மெட்டும் என் நோட்டைவிட்டு மேலே ஏறியது.

என் காதில் சொல் எதுவும் விழவில்லை. தப்பு மட்டும் விழுந்தது. பிரம்பால் நோட்டு வைத்திருந்த ஸ்டாண்டைத் தட்டினேன். மூன்று தட்டு, மூன்றாம் வகுப்பில் தட்டுவதுபோலவே.

"அக்கா, நிறுத்துங்க. தப்பா பாடுறீங்க. இந்த வரி நோட்டுல இல்ல."

மைக் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது. கடைசி வரிசை வரை கேட்டது. (கிளாரினெட்காரருக்கு மட்டும் கேட்கவில்லை. அவர் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார்.) யாரோ சிரித்தார்கள், பிறகு பல பேர் சிரித்தார்கள். சம்பந்தியம்மா குனிந்து குடையை எடுத்துக்கொண்டார்.

செல்லம்மா ஒரு நிமிடம் தன் கையையே பார்த்தார். பிறகு, "சரிங்க சார்" என்றார்.

மறுபடி பாடினார். நண்டு சரியான இடத்தில் வந்தது. ஒரு சுரம் பிசகவில்லை. அந்தக் குரல்தான் இல்லை. கூட்டம் மரியாதையாகக் கைதட்டியது, நான் குனிந்து வணங்கினேன். நிகழ்ச்சி நன்றாகவே போனது என்றுதான் அப்போது நினைத்தேன், மடையன்.

மறுநாள் வழக்கம்போல வரப்புப் பக்கம் போனேன். தூரத்தில் பாட்டுக் கேட்டது. என் சைக்கிள் தெரிந்ததும் நின்றுவிட்டது. "வாத்தியார் வர்றாரு. நோட்டுல இருக்கிறத மட்டும் பாடுங்கடி" என்று ஒருத்தி சொல்ல, சிரிப்பு. செல்லம்மா சிரிக்கவுமில்லை, நிமிரவுமில்லை. மேடையில் பின்பாட்டுப் பாடிய மாரியாயிதான் கரையேறி வந்து சொன்னாள்.

"உங்களத்தான் சார் அக்கா பாட்டுல கட்டுனாங்க. நாலு நாளா நாத்து நடுறப்பல்லாம் அதே வேல. 'சைக்கிளு வாத்தியாரு, செருப்பக் கழட்டி வந்தாரு'ன்னு ஆரம்பிக்கும். சம்பந்தி முன்னால உங்களுக்கு மரியாத செய்யணும்னு ஆசப்பட்டாங்க."

"அடுத்த வரி என்ன?"

"அத மேடையில பாடுறப்ப பார்த்துக்கங்கடின்னு சொல்லியிருந்தாங்க."

அன்று மாமா வீட்டுக்குப் போய் அந்த அட்டையை மறுபடி எடுத்தேன். கடைசிப் பத்தியை அப்போதுதான் படித்தேன். நல்ல பாடகர் ஒரு பாட்டை ஒருமுறை பாடியதுபோல மறுமுறை பாடுவதில்லை, ஆகவே ஒவ்வொரு முறை பாடியதையும் அந்த இசையமைப்பாளர்கள் தனித்தனியாகவே எழுதிக்கொண்டார்கள் என்று இருந்தது. மாமாவுக்குப் படித்துச் சொன்னேன். "இத முன்னாடியே படிச்சிருக்கலாமேப்பா" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

செல்லம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அதனால என்ன சார், படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மோர் கொடுத்தார். 'தம்பி' போனது போனதுதான். எண்பதுகளில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பேரக்குழந்தையோடு பார்த்தேன். அந்த அடுத்த வரியைக் கேட்டேன். "அதெல்லாம் யாருக்கு சார் ஞாபகம் இருக்கு" என்று பஸ் ஏறிவிட்டார். அவருக்கு ஞாபகம் இருந்தது என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

கல்யாணமான புதிதில், உணர்ச்சிவசப்பட்டு, இதை என் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து ரசத்தில் உப்பு குறைகிறது என்றால்கூட "நோட்டுல இல்லீங்க" என்பாள். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். மார்க் குறைந்தால் "நோட்டுல இல்லப்பா", ராத்திரி லேட்டாக வந்தால் "நோட்டுல இல்லப்பா". வந்த மருமகனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

சில நாள் என்னை அறியாமல் அந்த வரியை முணுமுணுத்துவிடுவேன். உடனே அடுப்படியிலிருந்து, "அது நோட்டுல இருக்கா?" என்று குரல் வரும்.

"பாதி இருக்கு" என்பேன். சைக்கிளு வாத்தியாரு, செருப்பக் கழட்டி வந்தாரு. நோட்டில் அதன் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.