மிஷின் சாமியாரின் முழங்கால்

பிரின்டர் மறுபடியும் நின்றுவிட்டது! இரண்டாவது மாடியே திரண்டு வந்துவிட்டது. இருபத்தாறு பேர். பாதிப் பேர் பட்டதாரிகள், மீதிப் பேர் இரட்டைப் பட்டதாரிகள். மேனேஜர் உட்பட அத்தனை பேரும் கைகட்டி வாய்பொத்தி நின்றார்கள். யாருக்காக? ஸ்டோர் கீப்பருக்காக. அலுவலகத்தில் அவருக்கு மிஷின் சாமியார் என்று பெயர்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட்டில் ஆடி அசைந்து வருவார். "எல்லாரும் கண்ணை மூடுங்க" என்பார். தரையில் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் மிஷினின் தலையில் உள்ளங்கையை வைத்து ஏதோ முணுமுணுப்பார். 'டக்' என்று ஒரு சத்தம். மிஷின் ஓடும். காசு வாங்கமாட்டார், மகான் அல்லவா! அவருடைய ஸ்டாக் ரிஜிஸ்டரை மற்றவர்கள் எழுதிக் கொடுத்தால் போதும். நான்கு வருடமாக அவர் பேனா மூடியைத் திறந்ததே இல்லை. மிஷினுக்குக் கண் பட்டுவிடுமாம்; அதன் சின்னத் திரைமேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார். ஏன் என்று ஒரு பட்டதாரியும் கேட்கவில்லை.

ரிஜிஸ்டர் எழுத முடியாது என்று சொன்னவள் தற்காலிக டைப்பிஸ்ட் ஒருத்திதான். அன்றிலிருந்து அவள் பிரின்ட் கொடுத்தால் மிஷின் நின்றது. "இந்தப் பொண்ணு கை ராசி சரியில்ல" என்றார் சாமியார். மேனேஜரும் நம்பினார். "இன்னைக்கும் நின்னா நாளையிலேர்ந்து வராதேம்மா" என்று காலையில்தான் சொல்லியிருந்தார். வீட்டில் அப்பா படுத்த படுக்கை. தங்கை பள்ளிக்கூடம் போகிறாள். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

நேற்று எல்லாரும் கண்ணை மூடியபோது அவள் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். அதனால் இன்று மிஷின் நின்றதும், கூட்டம் சாமியாரை அழைக்க ஓடிய நேரத்தில், ஸ்டாம்ப் பேடைத் திறந்து ஒரு சின்ன வேலை செய்துவிட்டு நல்ல பிள்ளையாக நின்றுகொண்டாள்.

சாமியார் வந்தார். முணுமுணுத்தார். 'டக்'. மிஷின் ஓடியது.

"ஆகா! என்ன மகிமை, என்ன மகிமை!" என்று அக்கவுண்ட்ஸ் அக்கா மெய்சிலிர்த்துப் போனாள்.

"மகிமை இருக்கட்டும்க்கா. சார் முட்டியைப் பாருங்க."

வெள்ளை பேன்ட்டில், வலது முழங்காலில், பளிச்சென்று ஊதாக் கறை.

சாமியார் திருதிருவென்று விழித்தார். "அது... மிஷினோட தோஷம். என் உடம்புல இறங்கியிருக்கு."

"தோஷம் இல்ல சார், ஸ்டாம்ப் மை. பேப்பர் தட்டு விளிம்புல நான்தான் தடவினேன்."

சொல்லிக்கொண்டே டேப்பைப் பிய்த்தாள். பேப்பர் தட்டை ஒரு விரற்கடை வெளியே இழுத்தாள். மிஷின் நின்றது. திரையில் எழுத்து வந்தது.

"படிங்க சார்."

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்: "பேப்பர் தட்டைச் சரியாக மூடவும்."

அவள் முழங்காலால் ஒரு இடி இடித்தாள். 'டக்'. மிஷின் ஓடியது.

"யாரும் பார்க்காதப்ப இழுத்து விடுறது, கண்ணை மூடச் சொல்லி முட்டியால தள்ளுறது. நாலு வருஷமா இதுதான் சார் சக்தி!"

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. "உங்க ரிஜிஸ்டரை இனிமே நீங்களே எழுதுங்க" என்று சாமியாரிடம் உறுமினார். அவள் பக்கம் திரும்பியபோது குரல் இறங்கிவிட்டது. "நீ போய் வேலையைப் பாரும்மா. நாளைக்கும் வா."

சாமியார் நழுவினார். கூட்டம் மட்டும் கலையவில்லை. அக்கவுண்ட்ஸ் அக்கா பயபக்தியோடு அவளிடம் வந்தாள்.

"என் கம்ப்யூட்டரும் காலையிலேர்ந்து உயிரே வரல. உன் முட்டியால ஒரு தடவை தொட்டுவிடேம்மா!"

அவள் போய் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிளக் கழன்று தரையில் கிடந்தது.

"முட்டியை விடுங்கக்கா. கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, அதை எப்பவாவது உபயோகிங்க. அதுமேல யாரும் டேப் ஒட்டலையே!"