வாய்க்காலை அடைத்தவர் யாராக இருந்தாலும்

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சபதம் செய்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு கையில் செருப்பு. இன்னொரு கையில் சாப்பாட்டு டப்பா.

"இந்தத் தெருத் தண்ணிக்கு ஒரு முடிவு கட்டாம ஓய மாட்டேன்!" என்று முழங்கினேன். முழங்கால் நனைந்தவன் முழங்கத்தானே செய்வான்?

"முடிவு கட்டுறது இருக்கட்டும். பேன்ட்டை இன்னும் ஒரு மடிப்பு மடிச்சு விடுங்க" என்றாள் மனைவி, வாசலில் நின்றபடி.

எங்கள் தெருவில் நாலு தூறல் விழுந்தால் போதும், ஏரி. இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை மழைத் தண்ணீர் ஒழுங்காக வாய்க்காலில் இறங்கி ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது எங்களோடேயே குடித்தனம் நடத்துகிறது. எதிர்வீட்டுத் தையல்கார அக்காவின் வீடு பள்ளத்தில் இருக்கிறது. முந்தின நாள் மழையில், அவர் தைத்து அடுக்கியிருந்த பள்ளிச் சீருடை நாற்பதும் சேற்றில் ஊறிவிட்டன. அந்த அம்மா யாரையும் ஒரு வார்த்தை திட்டாமல் ஒவ்வொன்றாகப் பிழிந்து காயப்போட்டதைப் பார்த்தேன். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். வாய்க்காலை எவனோ அடைத்திருக்கிறான். எவன் என்றும் கண்டுபிடித்துவிட்டேன்.

"பக்கத்து வீட்டுப் பல் டாக்டர்தான்" என்றேன் மனைவியிடம்.

"எப்படிச் சொல்றீங்க?"

"அந்த ஆளோட தொழிலே அடைக்கிறதுதானே! வாயை அடைச்சு அலுத்துப்போய் வாய்க்காலை அடைச்சிருக்கார்."

"பாவங்க, நல்ல மனுஷன்."

"வாசல்ல வரிசையா பூந்தொட்டி வச்சிருக்காரே, எதுக்கு? அதுக்கடியிலதான் சங்கதி இருக்கு."

அவள் என்னையே உற்றுப் பார்த்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்கள் கையெழுத்தையே படித்துவிடுவாள். என் முகம் எம்மாத்திரம்?

"அப்போ நகராட்சிக்கு மனு எழுதிடுங்க" என்றாள்.

பதினாறு வருஷத்தில் என் யோசனைக்கு அவள் மறுபேச்சுப் பேசாதது அன்றுதான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் உஷார் என்னிடம் எப்போதும் அடுத்த வண்டியில்தான் வந்து சேரும்.

எழுத உட்கார்ந்தேன். மழைக்கு இல்லாத வடிகால் என் கோபத்துக்குக் கிடைத்துவிட்டது.

"டாக்டர்னு நேராவே போட்டுடவா?"

"வேண்டாங்க, பக்கத்து வீடு. 'அடைத்தவர் யாராக இருந்தாலும்'னு போடுங்க."

"அதுவும் கம்பீரமாத்தான் இருக்கு."

"அவர் சொல்ற எந்தச் சமாதானத்தையும் கேக்கக் கூடாதுன்னு சேருங்க."

"சேர்த்தாச்சு."

"அன்னைக்கே இடிக்கணும். இடிச்ச கல்லை அவரே தன் கையால அள்ளணும்."

"அடேயப்பா! உனக்குள்ள இவ்வளவு கோபமா?"

"ரெண்டு வருஷமா இருக்குங்க" என்றாள்.

தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கலாம் என்றதும் அவள்தான். தையல்கார அக்கா மனுவை இரண்டு தடவை படித்தார். என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார்.

"இது நீங்களே எழுதினதா சார்?"

"ஒவ்வொரு எழுத்தும்!"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பல் டாக்டரோ முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்து, "பிரமாதம் சார்! யாரையும் விடக் கூடாது" என்று என் கையைக் குலுக்கினார்.

"குற்றவாளிக்கு இருக்கிற துணிச்சலைப் பார்த்தியா?" என்று மனைவியின் காதைக் கடித்தேன்.

"ஆமாங்க. எனக்கே ஆச்சரியமா இருக்கு."

சனிக்கிழமை காலையில் நகராட்சிப் பொறியாளர் அம்மா வந்தார். கையில் வரைபடம், கூடவே கடப்பாரையோடு இரண்டு பேர். தெருவே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. நான் நேராகப் பூந்தொட்டிகளைக் காட்டினேன். தொட்டிகளை நகர்த்தி, மூடியிருந்த கல்லை நெம்பினார்கள். உள்ளே வாய்க்கால் துடைத்துவிட்டதுபோல் காய்ந்து கிடந்தது.

"தண்ணி இதுவரைக்கும் வந்து சேரவே இல்லை சார். அடைப்பு இதுக்கு முன்னாடி எங்கேயோ இருக்கு" என்றபடி அந்த அம்மா எங்கள் வாசலுக்கு நடந்தார். அங்கே இருந்த சிமென்ட் சரிவை ஷூவால் தட்டினார்.

"இது யார் போட்டது?"

"நான்தாம்மா. ஸ்கூட்டர் ஏத்துறதுக்கு. ரெண்டு வருஷம் ஆச்சு, ஒரு கீறல் இல்லை!"

"அடியில குழாய் விட்டீங்களா?"

குழாய் விடச் சொன்ன ஒரு குரல் மெல்ல என் நினைவுக்கு வந்தது. என் மனைவியின் குரல். 'குழாய் வைக்காமப் பூசினா தண்ணி எங்கேங்க போகும்?' என்று கொத்தனார் முன்னாலேயே கேட்டாள். 'தண்ணிக்கு அதோட வழி தெரியும், நீ உள்ளே போ' என்று நான் சொன்னதும் நினைவுக்கு வந்தது. வேண்டாத நேரத்தில் என் ஞாபகசக்தி எவ்வளவு சுறுசுறுப்பு!

"அம்மா, இதுல ஒரு சின்ன விளக்கம்..."

அவர் மனுவைப் பிரித்தார். "'எந்தச் சமாதானத்தையும் கேட்கக் கூடாது.'"

"ஒரு வாரம் டைம் கொடுத்தா..."

"'அன்றைக்கே இடிக்க வேண்டும்.'"

"சரி, ஆள் வச்சு அள்ளிடுறேன்."

"'தன் கையாலேயே.' கீழே முதல் கையெழுத்து யாரோடது சார்?"

"என்னோடது மாதிரிதான் தெரியுது."

கீறல் விழாத சிமென்ட் இருபதே நிமிஷத்தில் நொறுங்கியது. களக் என்று ஒரு சத்தம். தெருத் தண்ணீர் மொத்தமும் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. தையல்கார அக்கா வீட்டு வாசற்படி வெளியே தெரிந்தபோது எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "கல்லை முதல்ல அள்ளுங்க சார்" என்று ஒரு கூடையைக் கொடுத்தார்.

பல் டாக்டர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே டாக்டர்?"

"போன மழைக்கே சொன்னேனே சார்! உங்க வேலையை வாய்க்குள்ள மட்டும் வச்சுக்குங்கன்னுட்டீங்க."

சாயங்காலம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். மனைவி என் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ உனக்கு முதல்லயே தெரியும்?"

"தெருவுக்கே தெரியும்."

"என்கிட்ட நேராச் சொல்றதுக்கு என்ன?"

"பதினோரு தடவை சொல்லியாச்சு. இந்த வீட்டுல நீங்க ஒரே ஒருத்தர் பேச்சைத்தான் கேப்பீங்க. உங்க பேச்சை! அதான் உங்ககிட்டயே எழுதி வாங்கிட்டேன்."