கவிழ்த்துப் பார்ப்பவர்

உங்கள் வீட்டுக்கு ஒருவர் விருந்துக்கு வருகிறார். தட்டு வைத்து, கரண்டியும் கொடுக்கிறீர்கள். மனிதர் அதை வாய்க்குக் கொண்டுபோகாமல், கவிழ்த்து, கைப்பிடியின் முதுகை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார். பதறாதீர்கள். கரண்டி சரியாகக் கழுவப்படவில்லை என்று நினைத்து உள்ளே ஓடாதீர்கள். வந்திருப்பவர் பழைய வெள்ளிச் சாமான் சேர்க்கும் வெள்ளிக்காரர். அவ்வளவுதான்.

அவர் தேடுவது பழைய இங்கிலாந்து வெள்ளியில் அடித்திருக்கும் முத்திரை. மிளகு அளவில் வரிசையாக நாலைந்து இருக்கும். சிங்கம் என்றால் வெள்ளி சுத்தம். நங்கூரம் என்றால் இன்ன ஊரில் சோதித்தது. ஒற்றை எழுத்து என்றால் இன்ன வருஷம். இரண்டு எழுத்து ஜோடியாக இருந்தால் செய்தவரின் பெயர்ச்சுருக்கம். அந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு, செய்தவர் எந்தத் தெருவில் பட்டறை வைத்திருந்தார், அவருக்குப் பின் தொழிலை நடத்தியது மகனா மருமகனா, இருவருக்கும் என்ன சண்டை என்பது வரை மூச்சு விடாமல் சொல்வார். சொந்த மைத்துனன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேளுங்கள். முழிப்பார்.

அவருடைய சட்டைப் பையில் பேனா இருக்காது, பூதக்கண்ணாடி இருக்கும். பழைய சாமான் கடைக்குள் நுழையும்போது முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், வெள்ளியைத் தவிர மற்ற எல்லாவற்றையும், உடைந்த கடிகாரம், காது போன குவளை, கால் ஆடும் நாற்காலி என்று விலை கேட்டுவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோல, "அது என்ன, உப்புக் கிண்ணமா?" என்பார். கடைக்காரர் இருபது வருஷமாக இந்த நாடகத்தைப் பார்க்கிறார். கிண்ணத்தை ஏற்கெனவே துடைத்து எடுத்து வைத்திருப்பார்.

வீட்டில் பதினேழு வெள்ளிக் கரண்டிகள் வெல்வெட் துணியில் சுகமாகப் படுத்திருக்க, குடும்பம் எவர்சில்வர் கரண்டியில் சாப்பிடுகிறது. ஒருநாள் அவர் மனைவி பாவம், கறுத்துப்போயிருக்கிறதே என்று பொடி போட்டு ஒன்றைத் தேய்த்துவிட்டார். "ஐயோ, தேய்ச்சா முத்திரை போயிடுமே! யார் செஞ்சதுன்னு இனி எப்படித் தெரியும்?" என்று அலறியவர், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எவர்சில்வர் கரண்டியில்கூட.

இவரெல்லாம் யாருக்கு என்ன கெடுதல் செய்தார் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன மாதம் எனக்குத் தெரிந்த வெள்ளிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு, மகளுக்குப் பிடித்த பையனின் வீட்டுக்கு முதல்முறையாகப் போனார். அந்தப் பெண் மூன்று வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்து, அப்போதுதான் தைரியம் வந்து வாயைத் திறந்திருந்தாள். அப்பா பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியது.

கிளம்பும்போதே மனைவி அவர் பைகளைச் சோதித்துப் பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டார். "ஏங்க, இன்னிக்கு ஒருநாள். எதையும் கவிழ்க்க மாட்டேன்னு சொல்லுங்க."

"என்னைப் பார்த்தா உனக்கு எப்படித் தெரியுது?" என்று கோபித்துக்கொண்டார் அவர். கோபித்தாரே தவிர, சத்தியம் செய்யவில்லை. கவனியுங்கள்.

பையனின் அம்மா தேநீர் கொண்டுவந்தார். கூடவே பால், சின்ன வெள்ளி ஜாடியில். நம்மவருக்கு உள்ளங்கை அரித்தது. கவிழ்க்கலாமென்றால் உள்ளே பால். ஆகவே பாலைத் தீர்ப்பது என்று முடிவு செய்தார். முதல் கோப்பையில் தாராளமாக ஊற்றினார். இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கினார். ஜாடி காலியாகப் போகிற நேரத்தில், "சம்பந்திக்குப் பால் ரொம்பப் பிடிக்கும் போல!" என்று பூரித்துப்போன அந்த அம்மாள் எடுத்துப்போய் மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தார்.

என்ன செய்வார்? மூன்றாவது கோப்பை. நான்காவது கோப்பை. எதிரில் பையன் தன் வேலையைப் பற்றி, பார்த்து வைத்திருக்கும் வாடகை வீட்டைப் பற்றி, உங்கள் பெண்ணை நன்றாக வைத்துக்கொள்வேன் என்று, ஒத்திகை பார்த்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டிருந்தான். நம்மவர் தலையை ஆட்டி ஆட்டிக் குடித்தார். கடைசியில் ஐந்தாவது கோப்பையில் ஜாடி வற்றியது. கவிழ்த்தார். சிங்கம், நங்கூரம், எழுத்து, எல்லாம் இருந்தது. மிச்சமிருந்த ஒரு சொட்டுப் பால் வேட்டியில் விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் மகள் மெதுவாகக் கேட்டாள். "அப்பா, அவரைப் பிடிச்சிருக்கா?"

"அருமையான ஜாடிம்மா! நூத்தி இருபது வருஷமாவது இருக்கும். செஞ்சவன் பேரு..."

"ஜாடி இல்லப்பா. அவரு."

"ஓ, பையனா? நல்ல பையன்."

"அவரு கண்ணாடி போட்டிருந்தாரா, இல்லையா?"

அவர் யோசித்தார். "போட்டிருந்தார். கறுப்பு ஃப்ரேம்."

மனைவி முன் சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார். "அது பையனோட அப்பா."

அந்தப் பெண், "பிடிக்கலன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லப்பா. பார்த்துட்டுச் சொன்னீங்கன்னு நெனச்சிருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். மறுநாள் காலை அவர் தனியாகப் போய் அந்தப் பையன் வேலை செய்யும் இடத்தின் வாசலில் நின்றார். வெளியே வந்த முதல் மூன்று பேரிடமும், "தம்பி, நீங்கதானே மாப்பிள்ளை?" என்று கேட்டாராம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களுக்குத்தான் வெள்ளிப் பைத்தியம் இல்லையே! இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். போன வாரம் ஒரு நண்பரின் புது வீட்டுக்குப் போய்வந்தீர்கள். தரைக்கு என்ன கல், டி.வி. எத்தனை அங்குலம், சமையலறை மேடை எந்தக் கம்பெனி என்று எங்கள் எல்லோருக்கும் சொன்னீர்கள். நல்லது. அந்த நண்பர் முன்னைவிட இளைத்திருந்தாரா, பருத்திருந்தாரா?

அவசரமில்லை, யோசித்தே சொல்லுங்கள்.