புழு எடுக்கும் புனல்

பஸ் நிலையத்துக்குப் பின்னால், டயர் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், ஊரிலுள்ள சொத்தைப் பற்கள் எல்லாம் வரிசையில் நின்றன. கன்னத்தைப் பிடித்தபடி ஆண்கள், கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி பெண்கள். உள்ளே பல்புழு வைத்தியர். ஊசி கிடையாது, பிடுங்குவது கிடையாது. புகை போட்டால் புழு விழும். ‘கண்ணால் கண்ட பிறகே காசு’ என்று பலகையே வைத்திருந்தார். கண்ணால் கண்டுவிட்டால் பிறகு யார் மூளையைக் கேட்கப் போகிறார்கள்?

ஏற்பாடு எளிது. தண்ணீர்த் தட்டின் நடுவே பழுக்கக் காய்ந்த செங்கல். செங்கல் மேல் ஒரு பிடி விதை. அதன் மேல் கவிழ்த்த தகரப் புனல். புனலின் மூக்கு நோயாளியின் வாயில். தலைக்கு மேல் கறுப்புப் போர்வை, ஏனென்றால் புழுக்களுக்குக் கூச்சம் அதிகமாம். இருமிக் கண்ணீர் விட்டு வெளியே வந்தால், தட்டுத் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக மிதக்கும். “இத்தனை பேருக்கு வாடகையில்லாம வீடு குடுத்திருக்கீங்க,” என்பார் வைத்தியர். கூட்டம் சிலிர்த்துப் போகும்.

தையல்காரரின் தங்கையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். போன வாரம்தான் பல் டாக்டரம்மா அவளுடைய கடைவாய்ப் பல்லின் நரம்பை எடுத்து, வேரைச் சுத்தம் செய்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பியிருந்தார். அந்தப் பக்கம் கடிக்காதே, மென்மையாகத் தேய், மறக்காமல் வந்து பல்லுக்கு மேலே மூடியாகக் கேப் போட்டுக்கொள், நரம்பு எடுத்த பல் காய்ந்த கட்டை மாதிரி பிளந்துவிடும் என்றெல்லாம் சொல்லியிருந்தார். கொஞ்ச நாள் வலி இருக்கும், தானே அடங்கும் என்றும் சொன்னார். ஆனால் பக்கத்து வீட்டம்மாள் சொன்ன புழுக்கதை அதைவிட ருசியாக இருந்தது.

“டாக்டரம்மா புழுவை உள்ளேயே வெச்சு சிமெண்ட் பூசிட்டாங்கண்ணே,” என்றாள் தங்கை, தையல் மெஷின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு. “வைத்தியர் பார்த்ததுமே சொல்லிட்டாரு. நாளைக்குச் சிமெண்டைத் தோண்டிட்டுப் புகை போடறாராம்.”

“எதாலே தோண்டறாராம்?”

“ஆணி மாதிரி ஒண்ணு. நெருப்புல காட்டித்தான் தோண்டுவாராம், பயப்பட ஒண்ணுமில்லே.”

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். அடைப்பைத் தோண்டினால் அழுக்கு இறங்கும், பல் போய்விடும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். தங்கை அசையவில்லை. நூலைப் பல்லால் கத்தரிக்கிற மகராசனுக்குப் பல்வலியைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரே போடாகப் போட்டாள்.

சிக்கலே அங்கேதான். ஊரே புகழ்ந்த அந்தப் பற்களில் ஒன்றுகூட அவருடையது அல்ல. இளம் வயதில் வேறு ஊரில், அதிசயப் பல்பொடிக்காரனையும் தெருவோரப் பல் பிடுங்கியையும் நம்பி, ஒவ்வொன்றாகத் தாரை வார்த்திருந்தார். இப்போதிருப்பது மேலும் கீழும் கட்டிய பல்செட். அது இரவில் டம்ளர் தண்ணீரில் தூங்குவது மனைவிக்கு மட்டுமே தெரியும். பல்லால் நூல் கடிப்பதும் வித்தைதான்; விரலிடுக்கில் பாதி பிளேடு ஒளிந்திருக்கும். ‘மாமா மாதிரி பல் வேணும்னா ஒழுங்காத் தேய்’ என்று பிள்ளைகளை அதட்டுவார்கள். அவர் பெருமையாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை விட்டுக்கொடுக்க அவருக்கு உயிரே போகிறமாதிரி இருந்தது. ஆனால் போகப்போவது தங்கச்சியின் பல்.

மறுநாள் தங்கைக்கு முன்னால் புகுந்து உட்கார்ந்தார். “முதல்ல என் பல்லைப் பாருங்க வைத்தியரே. அப்புறம் அவளுக்குத் தோண்டலாம்.”

வைத்தியர் எட்டிப் பார்த்தார். வெளியே முத்து வரிசை, உள்ளே மோசம் என்று உச்சுக் கொட்டினார். “மேல் வரிசையிலே ஒரு குடும்பம், கீழே அவங்க சம்பந்தி வீடு.”

போர்வை, புனல், புகை. வெளியே வந்தபோது தட்டு நிறையப் புழு. இத்தனை நாள் இதைத் தாங்கிக்கொண்டிருந்தாயே அண்ணா என்று தங்கை அழவே ஆரம்பித்துவிட்டாள்.

தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாய்க்குள் கை விட்டு மேல்செட்டைக் கழற்றினார், பிறகு கீழ்செட்டை. இரண்டையும் பெஞ்சின் மேல் டொக்கென்று வைத்தார். பல் போனால் சொல் போகும் என்பார்கள்; அன்று அவருக்குச் சொல் வந்தது, கொஞ்சம் வழுக்கிக்கொண்டு.

“இது பிளாஷ்டிக்கு வைத்தியரே. பிளாஷ்டிக்குல எந்தச் சம்பந்தி குடியிருந்தான்?”

தங்கை அண்ணனின் பொக்கை வாயையே பார்த்தாள். வைத்தியர் அசரவில்லை, புழுவெல்லாம் ஈறுக்குள் பதுங்கியிருந்தது என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஆட்டிப் பழகிய தலைகள்.

தையல்காரர் விடவில்லை. தட்டில் புதுத் தண்ணீர் ஊற்றி, செங்கல் மேல் புது விதை போட்டு, புனலை வைத்து அதன் மூக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். வைத்தியர் கையை நீட்டுவதற்குள் செருப்புக் கடைக்காரர் குறுக்கே நின்றுகொண்டார். உள்ளே படபடவென்று வெடித்தது. புனலைத் தூக்கினால் தண்ணீரில் அதே வெள்ளைப் புழு. தங்கை ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். சூட்டில் வெடித்துத் தெறித்த விதையின் முளை.

“சுவத்துக்கும் பல்புழுவா வைத்தியரே?” என்று கேட்டாள்.

பதில் பின்கதவு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பலகையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தது. செங்கல்லை மட்டும் விட்டுவிட்டது. சுடும் என்பது அதற்குத் தெரியும்.

கேப் போட அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போவதாகத் தங்கை சொன்னாள். கூட்டம் கலையும் நேரத்தில் பெரியவர் ஒருவர் தையல்காரரின் காதருகே வந்தார். முழங்கால் வலிக்குப் புழு எடுக்கிற நல்ல ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

தையல்காரர் செட்டைக் கழுவி, நிதானமாக மாட்டிக்கொண்டு, ஊர் பார்க்கச் சிரித்தார்.

“பல்லைத் தினமும் ரெண்டு வேளை தேய்க்கறோம். அதுக்கு ஒரு சாண் மேலே மூளைன்னு ஒண்ணு இருக்கு. அதையும் அப்பப்போ தேய்ங்க, பெரியவரே. போச்சுன்னா அதுக்கு செட்டு கிடையாது.”